ஜீப்புக்குள் செய்த படுக்கை

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குகிற மலைப்பாதை. எதிரே ஒரு லாரி இல்லை, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. வளைவுக்கு வளைவு புதர்... அதன்மேல் ஹெட்லைட் வெளிச்சம் பட்டுப் பட்டு நகர்கிறது. ஒரு பழைய ஜீப் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். நெஞ்சுக்குள் யாரோ சின்ன விசில் வைத்து ஊதுகிற மாதிரி... நிற்கும்... மறுபடி ஊதும்.

நம்ம சக்கரபாணி இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்லலாம். அவன் இருந்தால் எழுந்து போய்விடுவான். இது அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் கலையரசன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். சாமி கும்பிடுவார், கிரிவலம் போவார். பேயை மட்டும் நிரந்தர லீவில் அனுப்பிவிட்ட ஆள். தைரியசாலி என்றால் அப்படி ஒரு தைரியசாலி.

அவருக்கு ஒரே பெண், இனியா. அப்போது இரண்டாம் வகுப்பு. தொண்ணூற்றேழாம் வருஷம். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு இழுப்பு. வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போனார்களா, அங்கே சுற்றிலும் எல்லாரும் வீடு கட்டுகிறார்கள். சிமென்ட், மணல், ஜல்லித் தூசி. ராத்திரியானால் மூச்சு முட்டும். கலையரசனும் மனைவி கஸ்தூரியும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்து என்ன செய்வது? பெற்றவர்கள் என்பதற்காக அவளுக்குப் பதிலாக மூச்சு விட முடியுமா? ஒருமுறை ஏதோ கல்யாணத்துக்கு ஜவ்வாது மலைக்குப் போனபோது, ராத்திரி முழுக்க இனியா சத்தமில்லாமல் தூங்கினாள். அன்றைக்கு எடுத்த முடிவு. இனிமேல் சனி ஞாயிறு மலையில்தான். அங்கே தங்குவதற்கு அறை ஏது? வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வது.

ஏதோ ஒரு துறை கழித்துக்கட்டிய டீசல் ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். எங்கே ஓடியது, எதை ஏற்றியது... எதுவும் கேட்கவில்லை. மலை ஏறுமா என்று மட்டும் கேட்டார். பின்கதவைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் வாசனை. கழுவினார்கள், வெயிலில் நிறுத்தினார்கள். பெயின்ட் அடித்தால் போய்விடும் என்றான் மெக்கானிக். அடித்தார்கள். ஒரு வாரத்தில் பெயின்ட் வாசனை போய்விட்டது. அது போகவில்லை.

பிறகு ஒரே மும்முரம். ஆபீஸ் விட்டால் ஜீப், சாப்பிட்டால் ஜீப். ஆசை ஆசையாகச் செய்தார் மனுஷன். எதிரும் புதிருமாக இருந்த பின்சீட்டுகளைக் கழற்றினார். எலக்ட்ரீஷியன் அர்ஜுனன் முன்சீட்டுக்கு அடியில் இன்னொரு பேட்டரி வைத்தான். ராத்திரி முழுக்க விளக்கும் சின்ன ஃபேனும் ஓடினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே, அதற்காக. வண்டியை நிறுத்தியதும் ஒரு சுவிட்சைத் திருப்பினால் இரண்டு பேட்டரியும் தனித்தனி. டீசல் புகை பின்னால் வரக் கூடாது என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு. ஒரு பக்கம் கஸ்தூரி படுக்கப் பலகை. எதிர்ப்பக்கம் இனியாவுக்கு நீளமாக ஒரு பெட்டி. மூடிக்கு மேலே படுக்கை, மூடிக்குக் கீழே அடுப்பு, தண்ணீர் கேன், மருந்து. இலவம்பஞ்சு குழந்தைக்கு ஆகாது, அதனால் ரெக்ஸின் உறை தைத்த ஃபோம் மெத்தை. இவர் முன்சீட்டில் முடங்கிக்கொள்வாராம்.

மரவேலை பார்த்தவர் சடையன். பெட்டியைப் பொருத்திவிட்டு இனியாவைப் படுக்க வைத்துப் பார்த்தால் கால் இரண்டும் வெளியே நிற்கிறது.

"இன்னா சடையா இது, கொழந்தைக்கு நீளம் கம்மியா இருக்குதே?"

"பாப்பாவ அளந்துதான சார் அறுத்தேன்."

"எப்ப அளந்த?"

"நேத்து அந்தியில, கரண்ட் போச்சே... அப்ப. வண்டிக்குள்ள படுத்துனு இருந்துச்சு. மூச்சு இழுத்துனு கெடந்துச்சு, பாவம். எழுப்ப மனசு வரல. அப்படியே தலையிலேர்ந்து கால் வரைக்கும் டேப்ப வச்சுட்டேன்."

முந்தின நாள் அந்தியில் இனியா டாக்டர் வீட்டில் இருந்தாள். ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

கலையரசன் சிரித்துவிட்டார். சடையன் பொழுது சாய்ந்தால் கொஞ்சம் போடுகிற ஆள். அதுதான் என்று நினைத்துக்கொண்டு கால்மாட்டில் ஒரு துண்டுப் பலகை சேர்க்கச் சொன்னார். கஸ்தூரியிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பின் பின்கதவைச் சாத்தும்போது, உள்ளே பார்க்காமல் சாத்தினார்.

அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். மலைமேல் ஒரு ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தி, கஸ்தூரி உப்புமா கிளறி, மூன்று பேரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். நல்ல குளிர். ஃபேன் வேண்டியிருக்கவில்லை. இனியா படுத்ததும் தூங்கிவிட்டாள். கலையரசன் முன்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தடுப்பில் காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு ஒரு வழி பிறந்ததே என்று.

நடு ராத்திரிக்கு மேல் ஆரம்பித்தது. முதலில் லேசாக... பிறகு பலமாக. ஓடிப் போய்க் கதவைத் திறந்தால் இனியா எழுந்து உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அலைகிறாள். உதடு வெளுத்துவிட்டது. மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை.

"கெளம்புங்க. டாக்டர் கிட்ட போயிடலாம்," என்றாள் கஸ்தூரி. குழந்தையைத் தன் பலகையில், மடியில் போட்டுக்கொண்டாள். அவர் பின்கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு ஓடிப் போய் வண்டியை எடுத்தார்.

இப்போது அந்த மலைப்பாதை. டீசல் இன்ஜின் சத்தம் தெரியும்தானே? அந்த இரைச்சலில் குழந்தையின் மூச்சு காதில் விழவில்லை. இருக்கிறதா, நின்றுவிட்டதா... தெரியவில்லை. தாங்க முடியவில்லை அவருக்கு. இன்ஜினை அணைத்துவிட்டார். இறக்கத்தில் யாரும் செய்யக் கூடாத வேலை, தெரிந்தே செய்தார். டயர் சரளையில் உருளுகிற சத்தம்... பிரேக் முனகல்... அதற்கு நடுவே, முதுகுக்கு நேர் பின்னால், அந்த விசில். அப்பாடா, இருக்கிறது. அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் பிள்ளை இருக்கிறாள். அது ஒன்றையே பிடித்துக்கொண்டு மலை முழுக்க இறங்கினார்.

அடிவாரத்தில் வண்டி தானாக ஓடுகிற வேகத்திலேயே கியரைப் போட்டு இன்ஜினை மறுபடி கிளப்பினார். போளூரில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இனியாவுக்கு எந்த ஊசி ஆகும், எது ஆகாது என்று தெரிந்த டாக்டர் திருவண்ணாமலையில்தான் இருந்தார். விட்டார் வண்டியை. இன்ஜின் இரைச்சலையும் மீறி இப்போது மூச்சு கேட்டது. அவ்வளவு கிட்டத்தில். அவர் பேச ஆரம்பித்தார். "அப்பா இருக்கேன்மா. பயப்படாத. மெதுவா மூச்சு வுடு... இதோ வந்துட்டோம். அப்பா வுட்டுட மாட்டேன்." அவர் பேசினால் விசில் கொஞ்சம் தணியும். நிறுத்தினால் ஏறும். அதனால் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தொண்டை கட்டிப் போயிற்று.

செங்கம் ரோட்டில் டாக்டர் வீடு. வண்டியை நிறுத்தி, ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிகிறது. கஸ்தூரி சாய்ந்தபடி தூங்கிப் போயிருக்கிறாள். மடியில் இனியா. வாய் மூடியிருக்கிறது. மூக்கால் சீராக மூச்சு வருகிறது. கன்னத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருக்கிறது.

"கஸ்தூரி... எப்பலேர்ந்து இப்படி?"

"வந்துட்டமாங்க?" அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "மலையில வண்டி எடுத்த ஒடனே அடங்கிடுச்சு. தடுப்பத் தட்டித் தட்டிக் கூப்ட்டேன். நீங்க யார்கிட்டயோ பேசினே வந்தீங்க."

அப்போதும் அந்த விசில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எதிர்ப்பக்கத்துப் பெட்டியிலிருந்து. யாரும் படுக்காத அந்த மெத்தைக்குக் கீழேயிருந்து. கஸ்தூரிக்கு அது கேட்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நீ கொழந்தைய உள்ள தூக்கினு போ. காட்டிடு. நா வண்டிய ஓரங்கட்டிட்டு வரேன்."

அவள் போன பிறகு மெத்தையைத் தள்ளி மூடியைத் தூக்கினார். அடுப்பு, தண்ணீர் கேன், மருந்து டப்பா. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வெறும் பலகைதான் மிச்சம். அந்த வெறும் பலகையிலிருந்து, ஒரு குழந்தை படுத்திருந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கிருந்து... இழுத்து... விட்டு... இழுத்து... பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

மூடியைச் சாத்திவிட்டு ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் ஓடியிருப்பேன், நீங்களும்தான். ஆனால் மலையிலிருந்து அத்தனை தூரம் அவர் சொல்லிக்கொண்டு வந்தாரே, அப்பா இருக்கேன், வுட்டுட மாட்டேன் என்று... அதைக் கேட்டுக்கொண்டு வந்தது யார்? அந்த எண்ணம்தான் அவரைப் போக விடவில்லை. கையை உள்ளே நீட்டினார்.

ஈரமாக, சில்லென்று, ஐந்து சின்ன விரல். அவருடைய ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

பத்தடி தூரத்தில் டாக்டர் இருக்கிறார். கூப்பிட்டு என்ன சொல்வது? ஊசியை எங்கே போடுவது? வாரித் தூக்க அங்கே உடம்பில்லை. இனியாவுக்காகக் கற்றுக்கொண்ட அத்தனை வைத்தியமும் தெரியும், ஒன்றும் செய்ய முடியவில்லை. "அப்பா இருக்கேன்மா," என்று மட்டும் சொன்னார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது... அப்புறம் ஒன்று வந்தது... அதற்குப் பிறகு வரவில்லை.

பிடி மட்டும் தளரவில்லை. கஸ்தூரி வந்து குழந்தைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னபோதும், பெட்டிக்குள் கையை விட்டபடியே நின்றார். பால் வண்டி வந்து, கிழக்கே வெளுத்த பிறகுதான் விரல் விடுபட்டது.

இனியாவுக்கு அதற்குப் பிறகு, ஒரே ஒரு ராத்திரி தவிர, இழுப்பு வந்ததே இல்லை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஆனால் மறுநாள் ராத்திரி, வேங்கிக்கால் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த ஜீப்பில், முதலிலிருந்து ஆரம்பித்தது அந்த மூச்சு. அதற்கடுத்த நாளும். அவர் போனார். கையை வைத்துக்கொண்டார். அது அடங்குகிறவரைக்கும் நின்றார். தினமும்.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சக்கரபாணி கல்யாணம் வேலூரில் நடந்தபோது ஒரு ராத்திரி அங்கேயே தங்கிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மண்டபத்தில், அத்தனை பேருக்கு நடுவே, இனியாவுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் கஸ்தூரி. இவர் எதிர்த்திசையில் ஓடினார், ஒரு டாக்ஸி பிடித்து வேங்கிக்காலுக்கு. பெட்டிக்குள் அவர் கை போன நேரமும், அங்கே பிள்ளைக்கு மூச்சு திரும்பிய நேரமும் ஒன்று. முகூர்த்தத்துக்கு மாமா இல்லையே என்று சக்கரபாணி ரொம்ப நாள் கோபமாக இருந்தான். பிறகு ஒருநாள் அவரே எல்லாவற்றையும் சொல்லி அழுதாராம்.

அதோடு ஊர்ப்பயணம் நின்றுபோயிற்று. எந்த விசேஷத்துக்கும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். ஜீப் டயரெல்லாம் காற்றிறங்கி மண்ணில் புதைந்துவிட்டது. அதை விற்கவும் பயம், உடைக்கவும் பயம்.

இனியா இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். நல்ல உயரம். அவள் வளர வளர அதுவும் வளர்கிறதாம். முதலில் ஒரு விரலைப் பிடித்த கை, அப்புறம் உள்ளங்கையைப் பிடித்தது. இப்போது மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கிறது, ஒரு பெரிய பெண்ணின் பிடி. போன வாரம் மூச்சு நின்ற பிறகு அது சும்மா இருக்கவில்லை. மெதுவாக உள்ளே இழுத்திருக்கிறது. கொட்டகையை ஒட்டிய வீட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையை உதறவில்லை. எப்படி உதறுவார்? அதன் போக்கிலேயே விட்டுவிட்டார். தோள் வரைக்கும் உள்ளே போய்விட்டதாம்.

சக்கரபாணி மறுநாள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அதன் ஆழம் ஒரு முழம்தான்.