டிவியில் ஒட்டிய டேப்பு

வறுத்த முந்திரி வாசம் வந்தால் அந்தச் சிதம்பரம் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. கடலூர் தாண்டியதும், வறுத்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தபடி முன் இருக்கைக்காரர் தன் மனைவியின் தம்பியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“இங்கிலீஷ் படத்துல கீழ தமிழ் எழுத்து ஓடுமில்ல? ஒங்கக்கா அந்த எடத்துல டேப்பு ஒட்டிட்டா மச்சான்.”

“இங்கிலீஷ் கிளாஸ்ல சொன்னாங்களாம் மாமா. படிக்காம, காதால கேட்டுப் பழகணுமாம்.”

“எனக்குப் புரியக்கூடாதுன்னு ஒட்டியிருக்கா. தனியா சிரிக்கிறா. படம் பூரா ஏர்போர்ட்டு. என்னை உட்டுட்டு வெளிநாடு போயிடுவாளோ?”

“சந்தேகம் ஜாஸ்தி ஒங்களுக்கு!”

புதுச்சத்திரத்தில் தம்பி இறங்கினான். சன்னலோரம் வந்து, “அக்காவையே கேட்டுடுங்களேன் மாமா” என்றான்.

பேருந்து நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“கேட்டேன் மச்சான். இங்கிலீஷ்ல பதில் சொன்னா.”