சுண்ணாம்புக்குச் சிவந்த பலா

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கும். அந்த ஒற்றைச் செருப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்தது என்ன என்று நேற்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். இந்தச் சுண்ணாம்புதான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் செருப்புக்கு வருவதற்கு முன்னால் மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

பெயர் டில்லிபாபு. திருத்தணிக்காரன். பழைய தவில் வாங்க வருகிறவர்கள் இருபத்தாறு வருடமாக என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, எங்கிருந்து வந்தாலும் சரி. புதுத் தவில் என்றால் செய்தவனையே கேட்டுக்கொள்ளலாம். பழையதற்கு யாரைக் கேட்பது? தவிலின் கட்டை பலா மரமாக இருக்க வேண்டும். விற்கிறவன் எல்லோரும் பலா என்றுதான் சொல்வான். மாமரத்தையும் தூங்குமூஞ்சி மரத்தையும் கடைந்து, உள்ளே மஞ்சள் பூசி, வெளியே வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டுப் போன ஆட்கள் உண்டு. தூக்கிப் பார்த்தால் எடை ஓரளவு சொல்லும். தட்டினால் சத்தம் ஓரளவு சொல்லும். முழுதாகச் சொல்வது சுண்ணாம்பு.

ஒரு பக்கத்து வாரைத் தளர்த்தித் தோலைக் கழற்றுவேன். உள்ளே கையை விட்டு, கத்தி முனையால் நகம் அளவுக்குச் சுரண்டி, அந்த இடத்தில் சுண்ணாம்பு தடவுவேன். நிஜமான பலாவாக இருந்தால் மஞ்சள் இன்னும் அழுத்தமாகும். பூசின மஞ்சளாக இருந்தால் குங்குமம் போலச் சிவந்துவிடும். அதற்கு மேல் பேச்சு இல்லை. என் வாயிலிருந்து 'பலா' என்று வந்தால் வாங்குவார்கள். வராவிட்டால் எழுந்து போவார்கள். நான் கூலி வாங்கியதில்லை. வாக்குக்குக் கூலி கிடையாது.

ஆடிக் கிருத்திகைக்குப் பதினைந்து நாள் முன்பு, நகரி பங்காரு என்னைத் தணிகைமணியின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பங்காரு மேளக் குழு வைத்திருப்பவர். தணிகைமணி நல்ல கை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். பைக்கிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் நடக்க இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் தன் அப்பா அடித்த தவிலை விற்கிறான்.

கழற்றினேன், சுரண்டினேன், சுண்ணாம்பு வைத்தேன். சிவந்தது.

"இன்னா டில்லிணா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?" என்றார் பங்காரு.

"நான் பேசறதுக்கு இன்னா கீது. அதான் செவந்துட்சே" என்றேன்.

தணிகைமணி சிரித்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். "மாமா, அது எங்க நைனா அடிச்சது. பலாதான். இன்னும் கொஞ்சம் ஆழமா சொரண்டிப் பாருங்க" என்றான்.

"என் கை ஒரு வாட்டிதான் சொரண்டும்."

"அப்போ சுண்ணாம்ப வெத்தலைக்கு வச்சுக்கங்க மாமா. மரத்துக்கு இன்னாத்துக்கு அது?"

பங்காருவோடு வந்திருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்போது அவன் மனைவி மோகனப்ரியா உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "தோலு மாத்தறப்பல்லாம் எங்க மாமனாரு உள்ள மஞ்சத்தண்ணி ஊத்தி ஊற வைப்பாருங்க, பூச்சி அரிக்கக் கூடாதுன்னு. ஆயுத பூஜைக்கும் ஊத்துவோம். அது எறங்கியிருக்கும்" என்றாள்.

அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது நாற்பது வருடம் மஞ்சள் தண்ணீர் குடித்த மரம். மேல்தோல் சிவக்கத்தான் செய்யும். ஒரு நூல் அளவு ஆழமாகச் சுரண்டியிருந்தால் பலா தன்னைத்தானே காட்டியிருக்கும். கத்தி என் கையில்தான் இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டேன். பங்காரு எழுந்துவிட்டார்.

இதைத் தவறு என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். ஒரு மரத்துக்காக வாக்கை மாற்றினால், இதுவரை நான் பலா என்று சொன்ன அத்தனை தவிலையும் மறுபடி கழற்றுவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன்கூடத் தன் தவிலை நம்பி வாசிக்க முடியாது. ஒருவனுடைய தவிலா, அத்தனை பேருடைய நிம்மதியா என்று பார்த்தேன்.

மூன்று நாளில் தணிகைமணிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன் ஊன்றுகோலோடு வந்தால், "மஞ்சத்தவிலு வர்றான் பாரு" என்பார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அவன் வீட்டோடு கிடந்திருக்கலாம். அரக்கோணத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் முஸ்தஃபா பாய்க்குப் போன் போட்டான். கிருத்திகை அன்று பதினொரு மணிக்கு அவர் வருவார், எல்லா ஊர் மேளக்காரர்களும் அன்றைக்கு இங்கேதான் இருப்பார்கள், அத்தனை பேர் முன்னாலும் கட்டையின் விளிம்பைச் சீவிக் காட்டுவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தான். பங்காருவும் வருவதாகச் சொன்னார்.

நான் சமாதானத்துக்குத்தான் முதலில் போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பு அவன் வாசலில் நின்று, "நீ கேக்கற விலைக்கு நானே எடுத்துக்கறேன், குடுத்துடு" என்றேன். அவன் தவிலை மறுபடி வார் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"பலா இல்லாத தவிலு உங்களுக்கு எதுக்கு மாமா?"

நான் சட்டைப் பையில் சுண்ணாம்பு டப்பாவைத் தடவினேன். அவன் வாரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். அது பலா என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தோலில் ஒரு விரலால் தட்டிக் காட்டினான், ஒரே ஒரு தட்டு. "ஆங், அன்னிக்கு வாங்க மாமா. உங்களுக்கு முன்னாடி நாற்காலி போட்டு வைக்கறேன்" என்றான்.

கிருத்திகை அன்று காலை ஒன்பது மணி. மலைக்குப் போகும் ரோடு முழுக்கக் காவடி. பம்பையும் உடுக்கையும் அரோகராவும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. மோகனப்ரியா புருஷனின் காலுக்காகப் பால்குடம் எடுத்து மலை ஏறியிருந்தாள். தெருவே மலையில் இருந்தது. அவன் தவிலை வைத்திருந்தது வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஷீட் போட்ட அறையில். கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஜன்னல் ஓரம் வார்னிஷ் டப்பாவும் பழைய துணியும் இருந்தன. மீதியை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

தவில் எரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எரிந்த கட்டையை எந்தப் பாயும் சீவிக் காட்ட முடியாது.

உள்ளே ஆள் இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். வாசலில் ஒரே ஒரு செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு. மாவுக்கட்டு போட்ட காலுக்குச் செருப்பு எதற்கு? ஊரில் ஒற்றைச் செருப்போடு நடக்கிறவன் ஒருவன்தான். ஆகவே தெரியும். அது கதவுக்கு மிக அருகில் கிடந்தது. கருகிப் போகும் என்று எடுத்து, துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைப் போட்டேன். கை அவசரத்தில் டப்பாவைத் தொட்டிருக்கும். சுண்ணாம்பு அப்படித்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

எட்டு நாள் தீக்குக் காரணம் அடுப்பு என்றும் மின்சாரம் என்றும் பேசிக்கொண்டிருந்தீர்கள். மோகனப்ரியாதான் எல்லோர் முன்னாலும், "இந்தச் செருப்ப யாரு நவுத்தி வச்சது?" என்று கேட்டாள். "நான்" என்றேன். கேட்டால் சொல்லிவிடுவேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம். மன்னிப்புக் கேட்டதாகவும் எழுத வேண்டாம்.

முதலில் கதவைத் தட்டினான். அது கொஞ்ச நேரம். குரலும் கொடுத்திருப்பான், ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அது நின்று தவில் கேட்டது. புத்திசாலி. மனிதக் குரல் போகாத இடத்துக்கு அது போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குத் திருத்தணியில் எத்தனை மேளம். ரோட்டில் போனவர்கள் அதையும் ஒன்றாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் ஒருவன்தான் நின்று கேட்டேன். நான் போகவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். காலப்பிரமாணம் பிசகவில்லை. ஒவ்வொரு அடியும் கெட்டியாக, உலர்ந்து, நடுவில் வெண்கலம் போல ஒரு கணீர். மாமரத்தில் அது வராது. தூங்குமூஞ்சியில் வரவே வராது.

"பலாதான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். உள்ளே கேட்டிருக்காது. ஆனாலும் சொன்னேன். கத்தி இல்லை, சுண்ணாம்பு இல்லை, வெறும் காதை வைத்துச் சொன்னேன். ஆகவே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தவில் விஷயத்தில் டில்லிபாபு தப்பாகச் சொல்லிவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள்.