பதினொரு கொம்புத் தொபுரி

நல்ல தலையணை இருந்தால் பகல் தூக்கம்கூட உடம்புக்கு ஒட்டும். ஓய்வறைத் தலையணைகளை மாற்றுவது என் வேலை. டோக்கியோவில் அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். எழுத்து படித்தது ஐம்பது வயதில், இரவுப் பள்ளியில். அதனால் இதை நானே எழுதித் தருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

யார் துணையும் இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் 'தொபுரி'. பிள்ளைகள் பிடித்துச் சேர்க்கும் அந்த கேம் பிராணிகளில் ஒன்று. சேற்றுமீன் மாதிரி, மூன்றே கோடு. வரைந்தவர் குரோய்வா. ஒரு குழந்தை மண்ணில் குச்சியால் வரைய முடியாத பிராணி வேண்டாம் என்பது அவர் சட்டம். அவர் ஓய்வு பெற்றதும் மிட்சுயே அம்மா தலைமைக்கு வந்தார். கவசம், சக்கரம், கொம்பு என்று ஒவ்வொரு பிராணியும் திருவிழாத் தேர் போல ஆயிற்று.

கழித்த படங்களை இயந்திரத்தில் நறுக்குவதும் நான்தான். ஒருநாள் அந்தக் காகிதக் கட்டுக்குள் பழைய தொபுரி கிடந்தது. மேலே மிட்சுயே அம்மாவின் சிவப்பு முத்திரை.

"அம்மா, இதையுமா?"

"என்ன பெரியவரே, எழவு வீட்டு மூஞ்சி? அதுக்குப் பதினொரு கொம்பு வரப்போகுது."

"எந்தக் குழந்தைம்மா அதை வரையும்?"

"உங்க மூணு கோட்டை என் பொண்ணு ஒரு நிமிஷத்துல வரைஞ்சுட்டு, 'அவ்வளவுதானா'ங்கறா!"

சிரித்தார். நல்லவர். வருடக் கடைசியில் எல்லோரும் சொபா நூடுல்ஸ் சாப்பிடும்போது, சோற்றுருண்டையோடு என் பக்கத்தில் படிக்கட்டில் வந்து உட்காருவார்.

"அந்தச் சொபா மாவு மூக்குல ஏறினாலே மூச்சு அடைச்சுடும் பெரியவரே. போன தடவை பொழைச்சதே அதிர்ஷ்டம்" என்றார். நான் மறக்கவில்லை.

அந்தச் சொபா தானியத்தின் உமியைத்தான் எங்கள் பழைய தலையணைகளில் அடைப்போம். இன்னும் கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, தையலைப் பிரித்து, உமியை நன்றாகப் பொடித்து, மறுபடி தைத்து, வெள்ளை உறை போட்டேன். மதியம் அவர் இருபது நிமிடம் படுப்பார். மூச்சு அடைத்தால் போட்டுக்கொள்ளும் மருந்து ஊசி அவர் கைப்பையில் இருக்கும். பையைத் துடைத்து மேல் அலமாரியில் வைத்திருந்தேன். கதவுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தரை காய்ந்த பிறகே ஆட்களைக் கூப்பிட்டேன். ஈரத்தில் வழுக்கி விழுவார்கள்.

சாவு வீட்டில் அவருடைய மகள், ஆறு வயது, ஊதுவத்தி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். புதுத் தொபுரி. பார்க்காமலே வரைந்தாள். கொம்புகளை எண்ணினேன். பதினொன்றும் இருந்தன.

ஏழாவது மட்டும் கொஞ்சம் கோணல். குழந்தைகளால் முடியாது என்று நான் நினைத்தது சரிதானே, ஐயா.