பிரியதத்தம் வாங்கப் போன தெரசம்மாள்

மாட்சிமை தங்கிய சபைத் தலைவர் அவர்களே! கோபம் வந்தால் தாடியைத் தடவியும், சிரிப்பு வந்தால் தாடியை மூடியும் எங்களைக் கட்டி மேய்க்கும் பங்குத் தந்தை சூசைநாதர் சுவாமியார் அவர்களே! நரை கண்டும், திரை கண்டும், நாவின் கூர்மை மட்டும் நாளும் குறையாத பெரியோர்களே! காட்டிலும் கழனியிலும் கருகி உழைத்து, கிடைக்கும் ஒரு பொழுதையும் கர்த்தருக்கென்று கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! பூசைக்கு முந்தி வந்து, பிரசங்கத்துக்கு மட்டும் சுருட்டுப் பிடிக்க வெளியே போகும் என் அருமைச் சகோதரர்களே! மேடைக்குப் பலகை இல்லையே என்று நாங்கள் விழித்தபோது, "உங்க சாமிக்கு ஆனா என்ன, எங்க சாமிக்கு ஆனா என்ன, பலகை பலகைதானுங்க" என்று தம் வண்டியையே கழற்றிக் கொடுத்த அயலூர் அன்பர் பெரியசாமி அவர்களே! உங்கள் அனைவருக்கும் உபதேசியார் லாசருடைய தாழ்மையான வணக்கம்!

என்ன யாகப்பா? "சுருக்கமா முடிங்க" என்கிறாயா? உன் வீட்டு உலை கொதிப்பதற்குள் முடித்துவிடுகிறேன், உட்கார்.

நம் பெரியவர்களின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இன்றோடு ஓராண்டு நிறைகிறது. "ஞானத்தின் மேன்மை" என்ற பொருளில் பேசும்படி சுவாமியார் எனக்குக் கட்டளையிட்டார். நானும் எழுதினேன். பதினெட்டுத் தாள்! நேற்று மாலை என் மனைவி வேளாங்கண்ணிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தாளில் அவள் உறங்கிவிட்டாள். ஆகையால், பெரியோர்களே, ஞானத்தின் மேன்மையை மடித்து வைத்துவிட்டு, என் அஞ்ஞானத்தின் மேன்மையைப் பேச வந்திருக்கிறேன். அதற்குத் தாள் எதற்கு? அது எனக்கு மனப்பாடம்!

சென்ற வருஷம், முப்பத்தைந்தில், தபசு காலத்தில் சுவாமியார் சொன்னார்: "கிளியும் மந்திரம் சொல்லும். சொல்லுகிறதின் அர்த்தம் அறிந்தால்தான் கிறிஸ்தவன். லாசர், ஞாயிறு மாலை பெரியவர்களுக்குப் பாடம் எடும்." எடுத்தேன்! எங்கே எடுத்தேன்? குழந்தைகளின் பள்ளிக்கூடத்திலே! குழந்தைகளின் பெஞ்சியிலே! பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், முழங்கால் மூக்கைத் தொட்டது. ஆனாலும் வந்தார்கள். கடலைக்காட்டில் களையெடுத்த கையோடு வந்தார்கள், கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த களைப்போடு வந்தார்கள். எதிரே யார்? நான்! இருபத்திரண்டு வருஷம் உபதேசியாராக இருந்தவன். "எனக்குத் தெரியாது" என்ற இரண்டு சொல்லை இருபத்திரண்டு வருஷமாய் வாயில் வைக்காதவன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிறு. பின் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தெரசம்மாள். அதோ, தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறாளே, அவள்தான். கூலி வேலைக்காரி. வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டாள்:

"ஏனுங்க உபதேசியாரே, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே'ன்னு தெனமும் சொல்றமுங்களே, பிரியதத்தம்னா என்னங்க?"

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த மந்திரத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்? எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்? தப்பாய்ச் சொன்ன எத்தனை பேர் தலையில் குட்டியிருப்பேன்? அர்த்தம் என்ன என்று ஒருநாள், ஒரே ஒருநாள், நான் நினைத்ததுண்டா? இல்லை! தெரியாது என்று சொன்னேனா? அதுவும் இல்லை! தொண்டையைச் செருமினேன். கூரையைப் பார்த்தேன். சொன்னேன்:

"பிரியதத்தம் என்பது ரோமாபுரிக்கு அப்பால் ஒரு மலையில் விளையும் வாசனை மூலிகை. அரைத்துப் பூசினால் ஆத்துமம் குளிரும். தேவதூதர் அதை மாதாவுக்குக் கூடை நிறையக் கொண்டுவந்தார். ஆகையால்தான் பூரணம்."

சிரிக்கிறீர்களா? அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லையே! எல்லாரும் "ஆகா" என்றல்லவா தலையாட்டினீர்கள்! இந்த யாகப்பன், "நம்ம கொல்லிமலையில வெளையாதுங்களா?" என்று கேட்டான். பொய் சொல்லிப் பழகாதவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. "விளையலாம். சேலத்துப் பெரிய கடைகளில் கிடைத்தாலும் கிடைக்கும்" என்று பொய்க்குப் பூமாலையும் போட்டேன்.

வீடு போனேன். நிம்மதியாகத் தூங்கினேன். தெரசம்மாள் தூங்கவில்லை.

ஆகஸ்டு மாதம், மாதா திருநாளுக்கு மூன்று நாள் முந்தி, அவள் ஒரு பருத்தி வண்டியின் பின்னாலே தொற்றிக்கொண்டு பாதி வழியும், கால்நடையாய்ப் பாதி வழியும் சேலம் போனாள். கடைவீதியில் ஒவ்வொரு நாட்டு மருந்துக் கடையாய் ஏறி, "பிரியதத்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஆறு கடைக்காரர்கள் உண்மையான மனிதர்கள். கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஏழாம் கடையில் வெங்கடாசலம் என்ற வியாபாரி. அவர் என் ஜாதி! ஜாதி என்றால் குலத்தைச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஜாதி. "எங்கிட்ட இல்லாத சரக்கா?" என்று சொல்லி, மந்தாரை இலையில் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டார்.

திருநாள் காலை, பூசை முடிந்தது. தெரசம்மாள் பொட்டலத்தோடு சுவாமியார் முன் முழங்காலில் நின்றாள். "மந்திரிச்சுக் குடுங்க சாமி." சுவாமியார் பிரித்து முகர்ந்தார். ஏழு தும்மல் தும்மினார்.

"இது என்ன அம்மா?"

"பிரியதத்தமுங்க சாமி."

"யார் சொன்னது?"

"உபதேசியாருங்க."

சுவாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் தாடியைத் தடவினாரா, மூடினாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அணைந்த மெழுகுவர்த்தியை எத்தனை தடவைதான் அணைப்பது? அவர் சொன்னது ஒரே வார்த்தை: "ஞாயிற்றுக்கிழமை நீரே எல்லாருக்கும் சொல்லும்."

நான் என்ன செய்தேன்? ஜெபித்தேன் என்று நினைக்கிறீர்களா? பழியை இறக்கி வைக்க ஆள் தேடினேன்! மறுநாளே மோட்டார் ஏறிச் சேலம் போய், அந்த வியாபாரியின் கடை முன் நின்று முழங்கினேன்: "ஒரு ஏழைப் பெண்ணுக்கு உலகத்திலேயே இல்லாத சரக்கை விற்றீரே, உமக்கு மனச்சாட்சி உண்டா?" அவர் தராசைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தம்மா பேர் சொல்லிக் கேட்டுத்தானுங்களே வந்துச்சு. இல்லாத சரக்கை மொதல்ல வித்தது நானுங்களா, நீங்களா?"

வேதசாஸ்திரம் கற்றவன், வெட்டிவேர் விற்பவரிடம் பாடம் படித்துக்கொண்டு மோட்டார் ஏறினேன்!

ஞாயிறு வந்தது. பெஞ்சி நிறைய ஆட்கள். சுவாமியாரும் ஓரமாய் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, "நான் சொன்னது பொய். மூலிகையும் இல்லை, மலையும் இல்லை, கூடையும் இல்லை" என்றேன். யாகப்பன் சிரித்தான். நாலு பேர் சிரித்தார்கள். தெரசம்மாள் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கேட்டேன்: "அவ்வளவு தூரம் போய் வாங்க உனக்கு என்னம்மா அவசியம்?"

அவள் நின்றுகொண்டே சொன்னாள்:

"மூணு புள்ளைங்களைப் பெத்து மூணையும் மண்ணுக்குக் குடுத்தவளுங்க நானு. மாதாவுக்கு அது நெறைய இருந்துச்சுன்னு தெனமும் சொல்றமுங்களே. அதுல ஒரு சிட்டிகை கெடச்சா, இந்த நெஞ்சு ஆறுமான்னு பாத்தனுங்க."

யாகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நானோ இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னேன்: "எனக்குத் தெரியாது அம்மா. அது என்ன என்று எனக்குத் தெரியாது."

சுவாமியார் எழுந்து வந்து அவள் எதிரில், அந்தக் குட்டிப் பெஞ்சியிலேயே உட்கார்ந்தார். "பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுத்தது. அன்பினாலே கொடுத்தது. விலை இல்லை, அம்மா. சர்வேசுரன் சும்மா கொடுப்பது."

"சும்மாவுங்களா?"

"சும்மாத்தான்."

"கேக்காமயேவுங்களா?"

"கேட்காமலே."

தெரசம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம் எதுக்குங்க உபதேசியாரே, என்னைய சேலத்துக்கு நடக்க உட்டீங்க?"

சபை வெடித்துச் சிரித்தது! சுவாமியார் தாடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்திலிருந்த மயிலம்மாள் அவளை அணைத்துக்கொண்டு, "புள்ளைங்க பேரு என்ன புள்ள?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷமாய் ஒரே கோவிலில், ஒரே வரிசையில் முழங்காலிட்டவர்கள்; அன்றைக்குத்தான் கேட்டாள்! ஞானப்பூ, அருளப்பன், பேர் வைக்காத ஒன்று. பிறகு மயிலம்மாள் தான் பறிகொடுத்த குழந்தையின் பேரைச் சொன்னாள். இன்னொருத்தி சொன்னாள். இருட்டும்வரை சொன்னார்கள். சுவாமியார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அந்த வாரமே அந்தக் குழந்தைகளை நினைத்துப் பூசை வைத்தார்.

சபையோரே, உங்களைக் கேட்கிறேன்! ஞானம் எங்கே பிறந்தது? என் பதிலிலா? பதில் பொய்! அவள் கேள்வியிலே பிறந்தது! அறிந்தவன் ஒருவன் பேச, அறியாதவர் நூறுபேர் கேட்பதா சபை? அல்ல! அறியாமையை அஞ்சாமல் அவிழ்ப்பது சபை! அடுத்தவர் அழுகையை அருகிருந்து அறிவது சபை! கேளுங்கள், கேட்கக் கூசாதீர்கள். என்னைக் கேளுங்கள், என்னையே கேள்வி கேளுங்கள்! இந்த உபதேசியார் முழித்தால் முழிக்கட்டும். முழிப்பவன்தானே விழிப்பான்!

சென்ற வாரம் சேந்தமங்கலம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். கடலைக்காட்டில் பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னாயி என்ற இந்துப் பெண் ஒருத்தி, வரப்பில் நின்று தெரசம்மாளைக் கேட்டாள்: "ஏன்க்கா, செத்துப்போன கொழந்தைங்க உங்க சாமிகிட்ட வளருமா, அப்படியே கொழந்தையாவே இருக்குமா?"

நான் பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டேன். எங்கே என்னைக் கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயம்! தெரசம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டாள். சின்னாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல சின்னாயி. எனக்கும் அதே ரோசனைதான். உன்ற கொழந்தையைப் பத்திச் சொல்லு, கேப்போம்" என்றாள். இருவரும் வரப்பிலே உட்கார்ந்தார்கள்.

இந்தப் பங்கிலே நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிடச் சிறந்தது ஒன்றில்லை. சுவாமியார் என்னை மன்னிக்க வேண்டும். உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறுமையாய் இருந்து கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும், உலையை மறந்து உட்கார்ந்திருந்த யாகப்பனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சர்வேசுரன் உங்களைக் காப்பாராக! வணக்கம்.