லேபிள் கிழித்த பாட்டில்

எந்த மருந்தையும் லேபிளைப் படிக்காமல் நான் தொட்டதில்லை. ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்து அடிக்கிறவர்களில் பாதிப் பேர் டப்பாவின் நிறத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். என்ன அளவு, எத்தனை நாள் இடைவெளி, ஒரு எழவும் தெரியாது. இலை கருகின பிறகு, "தலைவரே, இப்ப என்ன செய்ய?" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு வருடமாக அவர்களுடைய சங்கத்துக்கு நான்தான் தலைவர். இந்த ஊரில் யாரும் என்னைச் சுரேஷ்கண்ணன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீங்கள் கூப்பிடுகிறீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. உத்தியோகம் அப்படி, பரவாயில்லை.

என் மனைவி தேவயானிக்கு நாலாம் மாதத்தில் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்தது. தேனியில் இதற்கு மருந்து தருகிற மையத்துக்கு அனுப்பினார்கள். தினம் ஒரு மாத்திரை, விடாமல் போட்டால் பிள்ளைக்கு வராமல் காப்பாற்றிவிடலாம், அவளும் நல்லபடியாக இருப்பாள் என்றார்கள். கணவரும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

நான் மதுரைக்குப் போய் ஒரு தனியார் லேபில் கொடுத்தேன். சொந்தப் பெயரைச் சொல்ல நான் என்ன கூமுட்டையா? என் டிரைவர் செல்லப்பாண்டியின் பெயரைச் சொன்னேன். செல்லப்பாண்டிக்கு எச்.ஐ.வி. இருப்பதாகத் தாள் வந்தது. தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்து அதைக் கொளுத்தினேன். வீட்டுக்கு வந்து தேவயானியிடம், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா எனக்கு எப்பிடி வந்துச்சுன்னே தெரியலைங்க. என்னைய வெரட்டிறாதீக. இந்தப் பிள்ளைய மட்டும் பெத்துக்கிறேன்" என்று அழுதாள். நான் அவளை மன்னித்தேன். அந்த நிலைமையில் எத்தனை ஆண்கள் மன்னிப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தேனிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறவன், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற கூலிக்காரி, வெற்றிலை விற்கிறவள். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவர்களும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக மாத்திரைப் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுக்கிறார்கள். பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வரக்கூடாது என்று உள்ளே பஞ்சை வேறு அடைக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிக் கூட்டம். ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

"இங்கன குடு, லேபிள நான் கிழிச்சுத் தாரேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டேன். மோட்டார் ரூமில் லேபிளை முழுக்கப் படித்தேன். தினம் ஒன்று என்று போட்டிருந்தது. மூடியின் சீலை உடைத்து முப்பது மாத்திரையையும் எனக்கு எடுத்துக்கொண்டேன். சின்னமனூரில் ஒரு மெடிக்கலில் அதே வெள்ளையில், அதே நீளத்தில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கிடைத்தது. அதில் முப்பது எண்ணிப் போட்டு, பஞ்சையும் வைத்து அவளிடம் கொடுத்தேன். முதல் பாட்டிலிலிருந்தே இப்படித்தான். நிஜ மாத்திரையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

இலவசமாகத் தருகிறார்களே, நீங்களும் வரிசையில் நின்றிருந்தால் ஆளுக்கொரு பாட்டில் கிடைத்திருக்குமே என்று கேட்கிறீர்கள். நான் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை. அது நான் நிற்கிற வரிசை இல்லை.

சுகாதார நிலையத்தில் அவளுக்கு வட்டமாக ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எச்.ஐ.வி. மருந்து சரியாக ஏறாது, ஆறு மணி நேரமாவது தள்ளிப் போடு என்று மையத்தில் சொல்லி அனுப்பினார்கள். அவள் செல்போனில் அலாரம் வைத்து, பிசகாமல் காலையில் ஒரு சுண்ணாம்பு, சாயங்காலம் ஒரு சுண்ணாம்பு சாப்பிட்டாள். பத்தாவது வரை படித்தவள்தான். எனக்குச் சிரிப்பு வரும்.

எட்டாம் மாதத்தில் அவள் ரத்தத்தில் கிருமி ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மையத்தில் ஜஸ்டின் என்று ஒரு ஆலோசகர், பெரிய படிப்புப் படித்தவராம். பாட்டிலில் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தார், கணக்குச் சரியாக இருந்தது. "பொய் சொல்லாதீகம்மா, சாக்கடையில போட்டுட்டு வாரீகளா?" என்று அவளைத் திட்டினார். எனக்குப் போன் போட்டு, உங்கள் முன்னால் விழுங்க வையுங்கள் என்றார். அன்றிலிருந்து நானே தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன், காட்டுவாள். "என் கண்ணு முன்னாடிதான் சார் முழுங்குறா" என்று ஜஸ்டினிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மகிழன் பிறந்தான். அவனுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதில் நான் கை வைக்கவில்லை, அது எனக்கு உதவாது. ஆறாவது வாரம் ரத்தம் பார்த்தபோது அவனுக்கும் வந்திருந்தது. ஐந்தாம் மாதம் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான். பிறக்கும்போதே நோஞ்சான்.

அவனைப் புதைத்த மூன்றாம் நாள் தேவயானி தனியாகப் பஸ் ஏறித் தேனிக்குப் போயிருக்கிறாள். வரிசையில் இருந்தவர்கள் முன்னாலேயே பாட்டிலை மேசையில் கொட்டி, "இதத்தான தின்னேன். எண்ணிப் பாருங்க. நானா எம்பிள்ளையக் கொன்னேன்?" என்று கத்தியிருக்கிறாள். ஜஸ்டின் மறுபடியும் எண்ண ஆரம்பித்தாராம். பின்னால் நின்ற குச்சனூர் வெற்றிலைக்காரி பிச்சையம்மாள்தான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாளாம். "ஆத்தாடி, இது நம்ம மாத்திரை இல்லையே தாயி. நம்மளதுல எழுத்து வெட்டியிருக்கும்ல? நாலு வருசமா திங்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றிருக்கிறாள். கைநாட்டுக்காரி. அவள் பேச்சைக் கேட்டுத்தான் நீங்கள் என் மோட்டார் ரூமுக்கு வந்தீர்கள்.

தேவயானி இப்போது பிச்சையம்மாளோடு சேர்ந்து அந்த வரிசையில் நிற்கிறாளாம். லேபிளைக் கிழிப்பதும் இல்லையாம். வெட்கம் கெட்டவள்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். பதினொரு பாட்டில். குழந்தைக்கு வரும் என்று எனக்குத் தெரியும், லேபிளையே படிக்கிறவன் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பேனா? அவளுக்குப் பிள்ளை இன்னொன்று பிறக்கும். போன மரியாதை எனக்கு எந்த ஆஸ்பத்திரியில் திரும்பக் கிடைக்கும்?

கோர்ட் சொல்லி என் ரத்தத்தையும் எடுத்தீர்கள். எச்.ஐ.வி. இருக்கிறவர்களில் மாத்திரை போட்டவனுக்குத்தான் கிருமி இந்த அளவுக்கு இறங்கும், இந்தத் தாள்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி என்கிறீர்கள். கொடுங்கள், படிக்கிறேன். சுரேஷ்கண்ணன், வயது நாற்பத்தொன்று, ரத்தத்தில் கிருமி கண்டறியப்படவில்லை. பார்த்தீர்களா? என் பெயரில் வந்த ஒரே தாள் இதுதான், இன்ஸ்பெக்டரம்மா. எனக்கு ஒன்றும் இல்லை என்று அவளிடம் முதல் நாளே சொன்னேன்.