வெட்டாத டாக்டர்

கண்டிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால், கம்பளையில் ஏறிய ஒருவர் இருமியபடி மனைவியிடம் சொன்னார்: "வெட்டத் தெரியாத டாக்டர்கிட்ட இனி நான் வரல."

"தெரியாமலா? இந்தச் சின்னச் செல்லு நுரையீரல் புற்று வேகமாப் பரவும், உங்களுக்குப் பரவிடுச்சு, வெட்டிப் பிரயோசனமில்ல, மருந்து ஏத்தினாத்தான் கேக்கும்னு எத்தன தடவ சொன்னாரு!"

"மச்சானுக்கு வெட்டினாங்களே?"

"அவருக்கு ஹேர்னியாங்க!"

"வெட்டலன்னா கைவிட்டுட்டாங்கன்னுதான் அர்த்தம்."

"கைவிட்டவரா இன்னைக்கு வார்டுல கட்டில் ஒதுக்கி வச்சிருக்காரு? வீட்டுக்குத் திரும்பிப் போறதுன்னா போங்க. அந்தா, எதிர்ப்பக்கம் கம்பளை பஸ் நிக்குது."

சிப்பாய் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். அவர் கம்பளை பஸ்ஸையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு. மருந்து ஏத்த" என்று சிங்களத்திலேயே எரிந்து விழுந்தார்.