மடியில் வந்த கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை, வில்லியனூர் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் மடியில், துண்டு சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி.

"ஓசி சாஃப்ட்வேர் போடற அந்த லினக்ஸ் சங்கத்துல அவங்க கம்ப்யூட்டர்ல கைய வெக்கமாட்டாங்களாம்டி. பக்கத்துல நின்னு சொல்வாங்களாம், நாமதான் தட்டணுமாம்."

"இன்னா அண்ணி, ஊசிய நம்ம கையில குடுத்து குத்திக்கோன்ற மாதிரி?"

"ரிப்பேர் கடைக்காரன் மொத்தத்தயும் அழிச்சாதான் ஓடும்ன்றான். கோயில் திருவிழா பத்திரிக்கை உள்ள மாட்டிக்கினு கீது. நாளைக்கு பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்."

அப்போது சங்கத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்து மூத்தவள் சொன்னாள்:

"நான் அனுப்புன போட்டோவப் பாத்தாங்களாம். டிஸ்க் நெறஞ்சி போச்சாம். பெருசா ஒண்ண எடுத்துட்டா போதுமாம். பெருசுன்னா உன் கல்யாண வீடியோதான்."

"பென்டிரைவ்ல ஏத்திக்கலாமே?"

"அவங்க பென்டிரைவ்ல எல்லாம் லினக்ஸ ஏத்தி வெச்சிருக்காங்களாம், எடம் இல்லயாம். புதுசு வாங்கலாம்னா இன்னிக்கு கடையும் லீவு."

"அப்ப அழிச்சிடு அண்ணி. அவருதான் தெனம் எதிர்லயே கீறாரே, வீடியோ எதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இளையவள் சொன்னாள்: "அப்பா நடமாடறது அதுல மட்டுந்தான் இருக்கு."

மூத்தவள் துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

பழைய பாட்டுகள் ஏற்றிக்கொள்ள வாங்கிய புதிய பென்டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால், அவ்வளவு நேரம் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டேன். வில்லியனூரில் அவர்கள் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். நான் அவர்களைத் தாண்டி நடந்துவிட்டேன்.

அந்தப் பென்டிரைவில் இன்றுவரை ஒரு பாட்டும் ஏற்றவில்லை.